பேய்களுக்கும் கணக்கு உண்டு

கேள்வி: பழைய வீடியோ கேம் மெஷின்கள்மேல் பித்துப் பிடித்து, வேலையையும் குடும்பத்தையும் கோட்டைவிடும் ஒருவனைப் பற்றிய ஆங்கில நாவலை வாசித்து முடித்தேன். பாதி நாவல் கேம்களின் பெயர்ப் பட்டியல்தான். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லாமல் எங்கள் ஊர் அல்லாடுகிறது. மலை மக்கள் வாழ்க்கையை எழுத ஆளில்லை. காசு போட்டு ஆடும் பெட்டிக்கு முந்நூறு பக்கமா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: முந்நூறு பக்கத்தையும் விடாமல் வாசித்திருக்கிறீர்கள். நாவலாசிரியர் கேள்விப்பட்டால் சந்தோஷப்படுவார்.

தேயிலை விலையை வைத்து யாராவது நாவல் எழுதட்டும், முதல் பிரதியை நானே வாங்குகிறேன். அதற்கு இந்த நாவல் எப்படிக் குறுக்கே நிற்கிறது? நாவல் என்ன ரேஷன் அரிசியா, அவனுக்கு அளந்துவிட்டால் நமக்குக் குறைந்துபோக? மலை மக்களை எழுத ஆளில்லை என்கிறீர்கள். ராஜம் கிருஷ்ணன் படுகர் வாழ்க்கையை வைத்துக் 'குறிஞ்சித்தேன்' எழுதி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் கடிதத்தில் அதன் பேரையே காணோம்.

விளையாட்டுப் பித்து உங்கள் மலைக்குப் புதிதும் அல்ல. 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பொழுது போகாமல் பிறந்த ஸ்னூக்கருக்கு, 1882இல் ஊட்டி கிளப்பில் வைத்துத்தான் விதிகளை ஒழுங்காக எழுதினார் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின். (பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வேறு, இவர் வேறு.) வெள்ளைக்காரத் துரை மேஜையில் பந்தை உருட்டினால் சரித்திரம், பையன் ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் வெட்டி வேலையா?

பெயர்ப் பட்டியல் என்று சொன்னீர்களே, அது சரியான புகார். கடிதம் முழுக்க அதையே எழுதியிருக்கலாம். பழைய கேம்களின் பெயர்களை அடுக்கிவிட்டு, வாசகன் 'அடடா, அந்தக் காலம்!' என்று பெருமூச்சு விடுவான் என்று காத்திருப்பது சோம்பேறித்தனம். பித்தைச் சொல்ல வேண்டுமானால் மெஷினுக்குள் போக வேண்டும்.

1980இல் வந்த பேக்-மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். பேய்களிடம் சிக்காமல் பாதையில் கிடக்கும் புள்ளிகளை எல்லாம் தின்று தீர்க்க வேண்டிய கேம். நான்கு பேய்கள் கண்மண் தெரியாமல் துரத்துவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. சிவப்புப் பேய் நேராகப் பின்னால் வரும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகிற திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைத்து மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் தூரத்தில் இருக்கும்வரை துரத்தும், பக்கத்தில் வந்ததும் தன் மூலையைப் பார்த்து ஓடிவிடும். நம் அலுவலகங்களிலும் இந்த ரகம் உண்டு. நீலத்தின் கணக்கு சிக்கலானது, விட்டுவிடுவோம். ஒரே வழியில், ஒரே வேகத்தில் நீங்கள் ஆடினால் பேய்களும் அச்சுப் பிசகாமல் அதே மாதிரிதான் வரும். இது தெரிந்தவன் பாதையை மனப்பாடம் செய்கிறான். அப்புறம் அவன் ஆடுவது விளையாட்டா, பாராயணமா?

அப்படியே மனப்பாடத்தில் 256ஆவது லெவல் வரை போய்விட்டான் என்று வையுங்கள். லெவலை எண்ணும் எண்ணுக்கு மெஷினில் ஒரு பைட்தான் இடம், 255க்கு மேல் தாங்காது. திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். லெவலை முடிக்கத் தேவையான அளவுக்குப் புள்ளிகள் இருக்காது. கோப்பை கிடையாது, 'வென்றாய்' என்ற ஒரு வரிகூடக் கிடையாது. இவ்வளவு தூரம் ஒருவன் வருவான் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை. வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு ஒருவன் அந்தப் பாதித் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறான் என்றால், அதை எழுத முந்நூறு பக்கம் போதாது.

நீங்கள் வாசித்த நாவல் அங்கே போகிறதா, பெயர்களோடு நின்றுவிடுகிறதா? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டு பக்க அளவில் மதிப்புரையாக எழுதி அனுப்புங்கள், நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டாலும் அடுத்த இதழிலேயே போடுகிறேன். 'கேம் எல்லாம் ஒரு விஷயமா' என்று மறுபடி ஆரம்பித்தால் மட்டும் கடிதம் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.