கடிதத்தின் கடைசி வரி

கேள்வி: எனக்கு வயது 38. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1, வெறும் வயிற்றில் சர்க்கரை 108, ஹீமோகுளோபின் 9.2. சர்க்கரை நோயால் அம்மாவின் கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்கும் காலையில் எழுந்ததும் கை மரத்துப்போகிறது, முடி கொட்டுகிறது. இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஒரு மாதமாகச் சோற்றைத் தொடுவதில்லை. அண்ணி சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையில் தினமும் பாதி சாப்பிடுகிறேன். இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

பதில்: உங்கள் விரல்களுக்கு இப்போது எந்த ஆபத்தும் இல்லை. பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத சர்க்கரை, அதனால் உணர்ச்சி மழுங்கிய பாதம், வலி தெரியாமலே புரையோடிய புண் என்று எல்லாம் சேர்ந்துதான் விரலைப் பறிக்கும். 6.1 அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. கை மரத்துப்போவது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால். முடி கொட்டுவதற்கு அந்த 9.2-ஏ போதும், முதலில் ரத்தசோகைக்கு மருத்துவம் பாருங்கள்.

என்னை நிறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரி. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். பிரசவமாகி 4 முதல் 12 வாரங்களுக்குள் ஒரு சோதனை, பிறகு வாழ்நாள் முழுக்க அவ்வப்போது சோதனை என்பதுதான் முறை. செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சியை உயர்த்திக் காட்டக்கூடும். அதனால் 6.1-ஐ மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் ஆய்வகத்திலேயே உட்கார்ந்து மறுபடி ரத்தம் கொடுங்கள். 140-க்குக் கீழே வந்தால் நல்லது. 140 முதல் 199 வரை முன்நிலை, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். 200-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு சாப்பிட வேண்டும். பட்டினி கிடந்துவிட்டுப் போனால் முடிவு தப்பாக வரும்.

சோற்றை அடியோடு விடுவது எத்தனை நாள் நடக்கும்? அதற்குப் பதில் நான்கு சப்பாத்தி என்றால் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. தட்டில் பாதிக்குக் காய், கால் பங்குக்குப் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சி முன் உட்காராமல் பதினைந்து நிமிடம் நடங்கள். நாளெல்லாம் சேர்த்து அரை மணி நேர வேக நடை வேண்டும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்நிலையில் இருந்து வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேர்தான். எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் இது. ஆகவே எடை இயந்திரத்தில் ஏறி நின்று அழ வேண்டாம்.

மெட்ஃபார்மின் உங்களுக்குத் தேவைப்படலாம். சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் சொல்லட்டும். அண்ணியின் மாத்திரையை அண்ணியிடமே கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் அவருக்குத்தான் குறையும்.