ஐப்பசியில் ஊன்றிய சூரியகாந்தி ஏன் அழுகிப்போகிறது?

கேள்வி: கொல்லையில் சூரியகாந்தி வளர்க்க வேண்டும் என்று என் மகளுக்கு ரொம்ப ஆசை. தீபாவளி முடிந்த கையோடு 20 விதை ஊன்றினோம். 8தான் முளைத்தது, அதுவும் ஒரு சாண் வளர்வதற்குள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. விதை கெட்டதா, இல்லை எங்களுக்குக் கைராசி இல்லையா?
(வாசகி, மன்னார்குடி)

கைராசியை விடுங்கள் அம்மா, ஊன்றிய மாதம்தான் தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டா மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், களிமண் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிப்போய்க் கிடக்கும், நெல்லுக்கு அது சுகம், சூரியகாந்தி வேருக்கு மூச்சுவிட இடமே இருக்காது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இளங்கன்று அடியோடு அழுகும். நானும் முதல் வருடம் இதே மாதிரி ஐப்பசியில் போட்டு ஒரு பாத்தி முழுக்க இழந்தவன், இரண்டு நாள் மனசே சரியில்லை.

மழை ஓய்ந்து, மார்கழி பாதிக்கு மேல், பொங்கலுக்குள் ஊன்றுங்கள். வயலில் உளுந்து, பயறு தெளிப்பார்களே, கிட்டத்தட்ட அந்தப் பட்டம். ஊன்றி 55, 60 நாளில் பூக்கும், அதாவது மாசியில், நல்ல வெயிலும் இருக்கும், சித்திரைக் காந்தலும் வந்திருக்காது. ஆடியிலும் போடலாம், ஆனால் ஆடிக்காற்றுக்கு ஒவ்வொரு செடிக்கும் மூங்கில் குச்சி நட்டுக் கட்ட வேண்டும், மழைக்கு முன்னால் அறுவடையும் முடிந்தாக வேண்டும்.

களிமண்ணாக இருந்தால் தரைமட்டத்தில் ஊன்றாதீர்கள். முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய தொழுவுரமும் கருக்கிய உமியும் தாராளமாகக் கலந்து கொத்திவிடுங்கள். அரிசி ஆலைப் பக்கம் உமிக்கு நமக்கென்ன பஞ்சம். அப்புறம் விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஆள்காட்டி விரலில் ஒரு கணு ஆழத்துக்கு, குழிக்கு 2 விதை. உயரமாக வளரும் ரகம் என்றால் செடிக்குச் செடி 1 அடி, வரிசைக்கு வரிசை 2 அடி. 5 நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இரண்டும் முளைத்தால் இளைத்ததைக் கத்தரித்து எடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். தொட்டியில் முளைக்கவைத்துப் பிறகு பெயர்த்து நடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை, ஆணிவேர் செடி இது, இடம் மாற்றினால் தேறாது, பூக்கிற இடத்திலேயே ஊன்றுவதுதான் சரி.

விதை மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 20க்கு 8 என்பது ரொம்பக் குறைவு. தோல் உரித்தது, வறுத்தது எல்லாம் தின்பதற்குத்தான், முளைப்பதற்கு இல்லை. அடுத்த முறை 10 விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து எத்தனை முளைவிடுகிறது என்று பார்த்துவிட்டு ஊன்றுங்கள். முளைக்கும்வரை குழிமேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவையுங்கள், அணில் தோண்டாது. பச்சை தெரிந்ததும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், மறந்தால் வெளுத்துப்போய் நீண்டுவிடும்.

கேள்வி: எங்களுடையது கிழக்குப் பார்த்த வீடு. வாசலில் வைத்த சூரியகாந்தி நாள் முழுக்கத் தெருவையே பார்க்கிறது, சூரியன் பின்னால் திரும்பவே இல்லை. செடியில் கோளாறா?
(வாசகர், திருவையாறு)

கோளாறே இல்லை ஐயா. சூரியன் பின்னால் திரும்புவது இளம் செடியும் மொட்டும்தான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் தலை மேற்கே சாயும், ராத்திரியில் மேற்குப் பக்கம் வளர்ந்து திரும்பக் கிழக்கே கொண்டுவந்துவிடும். பூ விரிந்து தண்டு முற்றியதும் அந்த ஆட்டம் நின்று கிழக்கு நோக்கியே நின்றுவிடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பூத்த செடிகளைத் தொட்டியோடு மேற்கே திருப்பிவைத்துப் பார்த்தார்கள், 2016ல் அந்த ஆய்வு வெளிவந்தது. கிழக்கு பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடேறுகிறது, அதற்கு வந்த தேனீக்கள் மற்றதற்கு வந்ததைப்போல 5 மடங்கு. அதனால் வீட்டில் உட்கார்ந்து பூவின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்கு மேற்குப் பக்கம், உங்களுக்கென்றால் கொல்லையில், வீட்டு நிழல் காலை வெயிலை மறைக்காத தூரத்தில் ஊன்றுங்கள். வாசலில் வைத்தால் தெருவில் போகிறவர்களுக்குத்தான் முகம் தெரியும், அதுவும் நல்லதுதானே.

கேள்வி: மொட்டை மாடியில் பையில் 2 செடி. பூ தட்டு மாதிரி பெரிது, உள்ளே எல்லாம் பதர்.
(வாசகி, கும்பகோணம்)

மகரந்தம் சேரவில்லை. தன் மகரந்தம் தனக்கே சரியாகப் பிடிக்காத செடிகள் இதில் நிறைய உண்டு, பக்கத்தில் வேறு செடியும் வேண்டும், தேனீயும் வேண்டும். 2 போதாது, 5, 6 செடி ஒன்றாக வையுங்கள். பூ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரிந்துகொண்டே போகும் அந்த நாட்களில், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு பூவை மெதுவாகத் தடவி, அதே துணியால் அடுத்த பூவைத் தடவுங்கள். விவசாயிகள் வயலிலேயே செய்கிற வேலைதான் இது. வெளி இதழ் விரியும்போது 1 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்து (வெந்நீரில் கரைத்துக்கொண்டால் சுலபம்) ஒருமுறை தெளித்தால் மணி நன்றாகப் பிடிக்கும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள், தேனீ செத்துப்போகும். பூங்கொத்துக்காக வளர்க்கும் சில ஒட்டுரகங்களில் மகரந்தமே கிடையாது, விதைப் பையில் அதையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கிளி ஒரு மணியைக்கூட விடுவதில்லை. எப்போது அறுப்பது?
(வாசகர், பட்டுக்கோட்டை)

இதழ் வாடியதுமே பழைய கொசுவலைத் துணியைத் தலையில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பாலிதீன் பை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். பூவின் முதுகு பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளானதும் ஒரு முழம் தண்டோடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து உதிர்த்துக்கொள்ளலாம். உடனே ஊன்றாதீர்கள், புது விதைக்கு ஒன்றரை மாதம் போல உறக்கம் உண்டு. ஒட்டுரக விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரியே வராது, நாட்டு ரகம் என்றால் மட்டும் எடுத்துவையுங்கள்.