மந்திரவாதிக்கு என்ன வேலை?

அன்புள்ள அக்கா,

தொண்டியில் இருக்கிறேன், தையல் படித்தவள். நான் எழுதிவரும் கதையில் ஒரு மந்திரவாதியும் ஒரு சூனியக்காரியும் வருகிறார்கள். அவர்களுக்கு உடை தைத்து, தம்பிக்கும் தோழிக்கும் போட்டுப் படம் எடுக்க ஆசை. தரை தொடும் மேலங்கிக்குக் கறுப்பு வெல்வெட் நல்லதா, சாட்டின் நல்லதா? கூம்புத் தொப்பியின் நுனி சாயாமல் நிற்க என்ன செய்வது? வீட்டில் 'பேய் வேஷம்' என்று சிரிக்கிறார்கள்.

ந.

அன்புள்ள ந.,

சிரிப்பவர்களை விடுங்கள். படம் எடுக்கும்போது அவர்களே முன்னால் வந்து நிற்பார்கள். தொப்பிக்குக் கெட்டி கேன்வாஸ் வைத்து, நுனியில் பஞ்சு அடையுங்கள். மேலங்கியை முழு வட்டமாக வெட்டினால் உடனே ஓரம் அடிக்காதீர்கள். ஒரு நாள் தொங்கவிட்டால் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழுந்த இடமெல்லாம் இறங்கும்; சமமாக வெட்டிவிட்டு அப்புறம் மடித்து அடியுங்கள்.

சரி, வெல்வெட். தொண்டி வெயிலில் வெல்வெட்டா? அந்தத் தம்பி என்ன பாவம் செய்தான்? குளிர்நாட்டுக்காரன் குளிருக்குப் போர்த்திக்கொண்டதை நீங்கள் மந்திரத்தில் சேர்த்துவிட்டீர்கள். கடிதத்தில் துணி இருக்கிறது, நிறம் இருக்கிறது, தொப்பி நுனிகூட இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் என்ன வேலை என்று ஒரு வரி உண்டா?

நம் கடலில் மந்திரவாதிக்குக் கூலியே இருந்தது. முத்துக் குளிப்பவர்களைச் சுறா தீண்டாமல் மந்திரத்தால் கட்டுகிறவர் கடல்கட்டி. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படிப்பட்டவர்களுக்குப் போனது என்கிறார். கட்டு பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாக எவனும் இறங்கக்கூடாதே! ஆங்கிலேயர் காலக் குறிப்பு ஒன்றில் கடல்கட்டி, படகுகள் திரும்பும்வரை அறைக்குள் அடைந்து கிடக்கிறார். எதிரே பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் வெள்ளியில் செய்த ஆண்மீனும் பெண்மீனும். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. உங்கள் மிஷினுக்கு அங்கே வேலையே இல்லை.

சூனியக்காரிக்குப் பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் புடவைமேல் ஆம்பளைச் சட்டை போட்டு, விரலுக்கு விரல் துணி சுற்றியிருப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கும்போது கை கிழியாமல் இருக்கத்தான். என் பெரியம்மா பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்குவாள். கிட்டே போனால், "காத்து மாறுது, தள்ளிப் போடீ" என்று ஒரு அதட்டல். எந்தக் கதைச் சூனியக்காரியும் என்னை அப்படி நடுங்க வைத்ததில்லை. கரையேறியதும் அதே ஈரத்துணி விரலால் கன்னத்தைக் கிள்ளுவாள்.

உங்கள் சூனியக்காரி மருந்து அரைக்கிறாளா, காற்றைத் திருப்புகிறாளா? அரைப்பவளுக்குக் கையைத் தூக்கிக் கட்ட நாடா வேண்டும். காற்றைத் திருப்புகிறவளுக்கு நீள மேலங்கி கூடவே கூடாது, முதல் வீச்சிலேயே அவள் முகத்தை மூடிவிடும். எழுதி அனுப்புங்கள், அதுவரை துணிக்கடைப் பக்கம் போக வேண்டாம். எதைத் தைத்தாலும் இரும்புக் கொக்கி மட்டும் வைக்காதீர்கள். நம் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியையும் கறையாக்கும்.