எல்லாப் பார்சல்களுக்கும் காப்பீடு எடுத்தால் போதுமா?

கேள்வி: பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் அவற்றுக்கான சிறு உதிரிப் பொருட்களையும் இணையத்தில் விற்று வருகிறேன். கடந்த ஆண்டு அனுப்பிய 300 பார்சல்களில் 3 காணாமல் போயின. 2 உடைந்து போய்ச் சேர்ந்தன. இவை போக, பொருள் வரவில்லை அல்லது சொன்னபடி இல்லை என்று 4 பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். மூவருக்குப் பணம் போய்விட்டது. நான்காமவர் என் லென்ஸை வைத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த பழுதான வேறொன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தத் தகராறு இன்னும் முடியவில்லை. விலையில் 2 சதவீதம் கட்டினால் எல்லாப் பார்சல்களுக்கும் காப்பீடு தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. எடுக்கலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் எடுக்க வேண்டாம், விலை உயர்ந்தவற்றுக்கு மட்டும் எடுங்கள் என்பதே என் பரிந்துரை. நீங்கள் எழுதியிருக்கும் 9 சம்பவங்களில் 5 மட்டுமே வழியில் நேர்ந்த இழப்புகள். மற்ற நான்கும் வாங்குபவரோடு ஏற்பட்ட தகராறுகள். பொதுவாகப் பார்சல் காப்பீடு அவற்றைத் தொடுவதே இல்லை. பொருள் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கியவர் பொய் சொன்னால், காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை அங்கே இழப்பு எதுவும் நேரவில்லை.

வழியில் நேரும் இழப்பை முதலில் பார்ப்போம். 300 பார்சல்களுக்கும் 2 சதவீதம் கட்டுவது என்றால், ஆண்டுக்கு 6 சராசரிப் பார்சல்களின் விலையைப் பிரீமியமாகக் கொடுப்பதாகும். அதைக் கொண்டு நீங்கள் மீட்கக்கூடியது அதிகபட்சம் 5 பார்சல்கள். அதிலும் பொதியல் போதவில்லை என்று உடைந்தவற்றின் கோரிக்கை நிராகரிக்கப்படலாம், விற்ற விலைக்குப் பதில் வாங்கிய விலையே வழங்கப்படலாம். ஆனால் இந்தக் கணக்கு எல்லாப் பார்சல்களையும் ஒரே விலையாகக் கொள்கிறது. தொலைந்தும் உடைந்தும் போன ஐந்தும் உதிரிப் பொருட்களா, லென்ஸ்களா என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதைப் பொறுத்தே மாறும். கையில் இருக்கும் பணத்தால் தாங்கக்கூடிய இழப்புக்குக் காப்பீடு தேவையில்லை. ஒன்று தொலைந்தாலே அந்த மாத லாபம் முழுவதையும் விழுங்கிவிடும் பொருளுக்கு, கணக்கில் சற்று நட்டம்போலத் தெரிந்தாலும் எடுத்துவிடுவதே நல்லது.

பொருளை ஏற்றிச் செல்லும் நிறுவனமே பொறுப்பேற்கும் என்ற நம்பிக்கை உங்கள் தொழிலில் குறிப்பாக ஆபத்தானது. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேச விமானச் சரக்குகளுக்கு, விமான நிறுவனத்தின் பொறுப்பு எடைக்கு ஏற்பவே கணக்கிடப்படுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 26. அரை கிலோ எடையுள்ள லென்ஸ் எவ்வளவு விலை போனாலும், மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, கேட்கப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தியிருந்தாலொழிய, அதற்குரிய உச்ச வரம்பு 13 எஸ்.டி.ஆர். மட்டுமே. சேதமடைந்த சரக்கு குறித்து, அதைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும். தபால் வழியாகச் செல்லும் பார்சல்களுக்கு விதிகள் வேறு. எந்த வழியில் அனுப்பினாலும், சேதம் என்ற புகார் வந்தவுடன் பெட்டியையும் உள்பொதியலையும் எறியாமல் வைத்திருக்குமாறு வாங்கியவருக்கு எழுதிவிடுங்கள்; பெட்டி போய்விட்டால் கோரிக்கையும் பெரும்பாலும் போய்விடும்.

காப்பீடு செய்யாத பார்சல்களுக்கு நீங்களே ஒரு நிதியை வைத்துக்கொள்ள வேண்டும். 300க்கு 9 என்பது 3 சதவீதம். ஆகவே ஒவ்வொரு விற்பனையிலும் 3 சதவீதத்தை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு, அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாத விற்பனையாளர் தன் லாபத்தை மிகையாகக் கணிக்கிறார். விலையில் 20 சதவீதம் லாபம் வைத்து விற்பவர் 80க்கு வாங்கிய ஒரு பொருளை இழந்தால், போட்ட அந்தப் பணத்தை மீட்கவே இன்னும் நான்கு பொருட்களை விற்றாக வேண்டும்; அனுப்பிய செலவையும் தகராறுக் கட்டணத்தையும் சேர்த்தால் ஐந்தாவது விற்பனையும் அதிலேயே கரையும்.

இனி, நேர்மையற்ற வாங்குபவர்கள். இங்கே பணத்தைக் காப்பது ஆதாரம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் தேவைப்படும் ஆதாரம் வேறு. ‘பொருள் வரவில்லை’ என்பவருக்கு எதிராக, பணம் செலுத்தியபோது பதிவான அதே முகவரியில் சேர்த்ததைக் காட்டும் டிராக்கிங் பதிவு வேண்டும். பணம் கட்டிய பின் முகவரியை மாற்றச் சொல்பவரிடம், அந்த ஆர்டரை ரத்து செய்து புதிய முகவரியுடன் மறுபடி வாங்கச் சொல்லுங்கள். இணையப் பணப்பரிமாற்றச் சேவையான பேபால் தகராறுகளில் விற்பவருக்குத் தரும் விற்பனையாளர் பாதுகாப்பும், பரிவர்த்தனையில் உள்ள முகவரிக்கு அனுப்பியிருந்தால்தான் கிடைக்கும். ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வகையில் வந்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு அறவே இல்லை. விலை உயர்ந்த பொருளைக் கையொப்பம் பெறாமல் ஒப்படைக்க விடாதீர்கள்.

‘சொன்னபடி இல்லை’ என்ற புகார்தான் கடினமானது. பேபாலின் அந்தப் பாதுகாப்பு இவ்வகைப் புகாரை உள்ளடக்குவதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் போன்ற சரிபார்ப்புடன் நடந்த அட்டைப் பரிவர்த்தனையில், ‘நான் வாங்கவே இல்லை’ என்ற தகராறின் பொறுப்பு பொதுவாக அட்டை வழங்கிய வங்கிக்கு மாறும். பொருளின் தரம் பற்றிய தகராறு உங்களிடமேதான் நிற்கும். ஆகவே விற்பனை விவரத்தில் ஒவ்வொரு கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் படத்துடன் காட்டுங்கள். வரிசை எண் தெரியும்படி, பெட்டி மூடப்படும் வரை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். பார்சலை ஒப்படைக்கும்போது எடை பதிவான ரசீதை வாங்குங்கள். இதை நான் வீடியோவைவிட மேலாக மதிப்பேன், ஏனெனில் அதை எழுதியவர் நீங்கள் அல்ல. திருப்பி வரும் பார்சலையும் அதே முறையில் எடை போட்டு, வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பேபாலில் 180 நாட்கள் வரை தகராறு எழுப்ப முடியும், விசா அட்டையில் பெரும்பாலான தகராறுகளுக்குக் காலவரம்பு 120 நாட்கள் என்பதால், இந்தப் பதிவுகளை ஓராண்டாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

முடியாமல் இருக்கும் லென்ஸ் தகராறில், நீங்கள் அனுப்பிய லென்ஸின் வரிசை எண் தெரியும் படம், திரும்பி வந்ததன் வரிசை எண், இரு பார்சல்களின் எடை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தேதி வரிசையில் தொகுத்து, கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். வாங்கியவரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். முடிவு செய்பவர் பார்ப்பது எண்களைத்தான். அனுப்பிய லென்ஸின் எண் விற்பனைப் படங்களிலோ வாங்கிய ரசீதிலோ எங்குமே இல்லை என்றால் வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு. கார்டு தகராறாக இருந்தால், வாதாடுவதற்கான கட்டணம் எவ்வளவு, வென்றால் அது திரும்பக் கிடைக்குமா என்று பணம் பெற்றுத்தரும் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். அந்தத் தொகை லென்ஸை நீங்கள் வாங்கிய விலையில் பெரும்பகுதி என்றால், இழப்பை நிதியில் எழுதிவிட்டு அந்த வாங்குபவரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.