மகாவலி கங்கை ஏன் மாரியில கலங்குது?

கேள்வி: அண்ணா, மாரி தொடங்கினா எங்கட மூதூர்ப் பக்கம் கங்கை சிவந்துபோய் வருது, கொட்டியாரக் குடாவிலயும் அந்தக் கலங்கல் தூரத்துக்குத் தெரியும். வண்டல் வந்தா வயலுக்கு நல்லது எண்டு பெரியாக்கள் சொல்றாங்க. மலையில இவ்வளவு அணை கட்டியும் ஏன் இந்தளவு மண் வருது?
- வாசகர், மூதூர்

பதில்: பெரியாக்கள் சொல்றது சரிதான் தம்பி, அந்தப் பக்கத்து வயல் நிலம் கங்கை கொண்டுவந்து போட்ட வண்டல்தானே, ஆனா இப்ப வர்ற மண்ணில மலையில ஆரோ ஒருத்தர்ட தோட்டத்து மேல்மண்ணும் இருக்கு, அதை நினைச்சா எனக்குச் சந்தோசப்பட முடியல்ல.

5 மில்லிமீட்டர் பருமனான மழைத்துளி செக்கனுக்கு 9 மீட்டர் வேகத்தில விழும். புல்லோ சருகோ கிடந்தா அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். வெறும் நிலமெண்டா மண்கட்டி உடைஞ்சு தெறிச்சு, அந்தத் தூளே மண்ணில உள்ள சின்ன ஓட்டையளை அடைச்சிரும், பிறகு தண்ணி கீழ இறங்க வழியில்லாம மேலால ஓடும், சரிவில வேகம் கூடக்கூட முதல்ல விரல் தடிப்பில கோடு விழும், அடுத்த மழைக்கு அது வாய்க்கால்.

மலைநாட்டில முந்தி அளந்து பார்த்த கணக்கில, புகையிலை நட்ட சரிவில இருந்து ஹெக்டேருக்கு வருசம் 70 தொன் அளவு மண் போயிருக்கு. பலா, கமுகு, மிளகு எண்டு நெருங்கி நிக்கிற கண்டி வீட்டுத்தோட்டத்தில வெறும் 0.05 தொன்! 70 தொன் எண்டா கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் மேல்மண், ஒரே வருசத்தில. மண் பாதுகாப்புச் சட்டம் 1951லேயே வந்திட்டுது, இன்னும் சரிவில மேலிருந்து கீழா பாத்தி வெட்டித்தான் மரக்கறி நடுறாங்க, இது எனக்குப் பெரிய கவலை.

அணை மண்ணை மறிக்கிறது உண்மைதான். கண்டிக்குப் பக்கத்தில மகாவலியை மறிச்சு 1976ல திறந்த பொல்கொல்ல அணை 1988க்குள்ள கொள்ளளவில 44 வீதத்தை மண்ணுக்குக் குடுத்திட்டுது. ஆனா அங்க படியிறது மணலும் பாரமான மண்ணும், நுண்ணிய களி தண்ணியோட தப்பி வந்திரும், அதோட அணைகளுக்குக் கீழ சேர்ற ஆறுகள்ட மண், இடிஞ்சு விழுற கரை மண் எல்லாம் சேருது. மேலிருந்து மணல் வரத்துக் குறைஞ்ச ஆறு தன்ட அடியையும் கரையையும்தான் அரிக்கும், அந்த நிலைமையில நாங்களும் கீழ மணல் அள்ளினா கரை நிக்குமா?

கேள்வி: வீட்டுக் காணி சரிவு, மழைக்கு மண் ரோட்டுக்கு வருது. என்ன செய்யலாம்?
- வாசகி, பாலையூற்று

பதில்: மாரிக்கு முதல் முற்றத்துக்குக் கீழ உள்ள சரிவைக் கூட்டித் துப்புரவாக்காதீங்க அக்கா, சருகு அப்பிடியே கிடக்கட்டும். சரிவுக்குக் குறுக்கால, ஒரே மட்டத்தில, வெட்டிவேரை நெருக்கமா வரிசையா நடுங்க, வேர் 2, 3 மீட்டர் ஆழம் போகும். இடைவெளி விட்டு நட்டா தண்ணி அந்த இடைவெளியாலதான் பாய்ஞ்சு வரும், கவனம்.