வாசகர் கேள்வி – பதில்: சிறுத்தைப் புள்ளியும் பனிக்காலமும்

கேள்வி: என் இளைய மகள் எடின்பர்க்கில் படிக்கிறாள். வரும் ஜனவரியில் அவளைப் பார்க்கப் போகிறேன். போன விடுமுறைக்கு வந்தபோது, கெண்டைக்கால் வரை இறங்கும் சாட்டின் ஸ்கர்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, "இதைத்தான் போட்டுக்கொண்டு வர வேண்டும், அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். உடம்பு முழுக்கச் சிறுத்தைப் புள்ளி! தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கேமரன் மலைக் குளிரைத் தவிர வேறு குளிர் தெரியாது. ஸ்கர்ட்டோடு தாங்க முடியுமா? 56 வயதில் இது கண்ணை உறுத்தாதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கிறிஸ்டியன் டியோர் 1947இல் தம் முதல் தொகுப்பிலேயே சிறுத்தைப் புள்ளி உடைகளைக் காட்டினார். ஆகவே இந்தப் பாணி உங்களைவிட வயதில் மூத்தது; தயங்காமல் அணியுங்கள்.

குளிர்தான் கவனிக்க வேண்டியது. கேமரன் மலையில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கினாலே நாம் கம்பளியைத் தேடுகிறோம். எடின்பர்க்கில் ஜனவரி மாதப் பகலே ஏறக்குறைய 7 டிகிரிதான். இரவில் 1, 2 என்று இறங்கி, சில நாள் உறைநிலைக்குக் கீழும் போகும். அதற்கு மேல் காற்று வேறு. ஆனாலும், நீளமான ஸ்கர்ட்டுக்குள் எத்தனை அடுக்கு போட்டிருக்கிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது என்பதால், இந்த விஷயத்தில் அது கால்சட்டையைவிட வசதியானது. கால்களுக்குக் கெட்டியான கறுப்பு டைட்ஸ் வாங்குங்கள். உறையில் டெனியர் என்று ஓர் எண் போட்டிருக்கும். அது கூடக் கூடத் துணியின் கெட்டியும் கூடும். 80க்குக் குறையாமல் பாருங்கள். மிகவும் குளிரும் நாளில் அதன்மேல் தெர்மல் லெக்கிங்ஸ் ஒன்றையும் போட்டுக்கொள்ளலாம். பூட்ஸின் மேல்விளிம்பு ஸ்கர்ட்டின் கீழ்விளிம்புக்குள் மறைந்திருக்க வேண்டும். இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் காற்று அங்கேதான் நுழையும், பார்வைக்கும் கால் வெட்டுப்பட்டதுபோலக் குட்டையாகத் தெரியும். பழைய நகரப் பகுதியில் ஏற்றமும் படிகளும் கல் பாவிய தெருக்களும் அதிகம் என்பதால் தட்டையான, வழுக்காத அடிப்பாகம் உள்ள பூட்ஸே போதும். ஏறும்போது வேர்த்து, நின்றவுடன் அந்த ஈரமே குளிரும். ஆகையால் மேலுடம்பில் தோலை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இல்லாமல், மெல்லிய கம்பளியாகவோ தெர்மல் பனியனாகவோ இருக்கட்டும்.

நம் ஊரின் ஈரக் காற்றில் நமக்கு அதிகம் பழக்கமில்லாத தொல்லை ஒன்று அங்கே உண்டு. சூடேற்றிய அறைகளில் காற்று உலர்ந்துபோவதால், சாட்டின் துணி டைட்ஸோடு உரசி, மின்னேற்றம் பெற்று, காலோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். சேலைக்குக் கட்டும் பருத்தி உள்பாவாடை ஒன்றைச் சுருக்கமில்லாமல் இறுக்கிப் பிடித்து, ஸ்கர்ட்டைவிட நான்கு விரல் குட்டையாக வெட்டித் தைத்து உள்ளே அணிந்தால் ஒட்டுவது பெரும்பாலும் அடங்கிவிடும். அவசரத்துக்கு, கையில் சிறிது லோஷன் தேய்த்து டைட்ஸின் மேல் இலேசாகத் தடவுங்கள்.

மேலே என்ன போடுவது? நம் மலேசியத் தீபகற்பத்துக் காடுகளில் இருக்கும் சிறுத்தைகளில் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. புள்ளிகள் அந்தக் கறுப்புக்குள் மறைந்தே கிடக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் போடுவதைவிடப் பாதுகாப்பான பொருத்தம் எனக்குத் தெரியவில்லை: கறுப்புக் கம்பளி ஸ்வெட்டர், கறுப்பு டைட்ஸ், கறுப்பு பூட்ஸ், நடுவில் ஸ்கர்ட் மட்டும் பேசட்டும். கறுப்பு சலித்துவிட்டால் அரக்குச் சிவப்பு அல்லது ஒட்டக நிற ஸ்வெட்டர் ஸ்கர்ட்டின் மஞ்சள் கலந்த பழுப்பு அடிநிறத்துக்கு இசையும். வெளிர் நீலமும் ரோஜா நிறமும் வேண்டாம். ஸ்வெட்டரின் முன்பக்கத்தை மட்டும் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டால் உடம்பு மூட்டையாகத் தெரியாது. புள்ளி போட்ட கைப்பையோ சால்வையோ கூடவே வேண்டாம். ஜிமிக்கி போடலாம், நன்றாகவே இருக்கும்.

மேலங்கி முழங்காலுக்குக் கீழே இறங்கட்டும். ஸ்கர்ட் ஒரு சாண் மட்டும் வெளியே தெரிந்தால் அழகு. புதிதாக வாங்கி ஒரு மாதத்துக்குப் பிறகு அலமாரியில் பூட்டி வைப்பதற்குப் பதிலாகப் பயன்படுத்திய உடைகளை விற்கும் பண்டல் கடைகளில் தேடுங்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த கம்பளி மேலங்கிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டைகளைப் பாருங்கள். அக்குளையும் உள்துணித் தையலையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ரிங்லெட்டில் இருக்கிறேன். மாலை விருந்துக்குச் சிறுத்தைப் புள்ளி ஸ்கர்ட் போடலாமா? அன்று காலை கோயிலில் திருமணம். அதற்கும் அதையே போட்டால் மாமியார் முகம் சுளிப்பார் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கேமரன் மலை

பதில்: சிவபெருமானே புலித்தோல் உடுத்தியவர்தான், ஆனாலும் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன். காலையில் கோயிலுக்குச் சேலை. மாலைக்கு ஸ்கர்ட்டோடு நீளக்கைக் கறுப்புப் பிளவுஸும் பின்னல் கார்டிகனும் போதும். உங்கள் மலைக்கு டைட்ஸ் மெல்லியதாகவே, 40 டெனியருக்குள், இருக்கலாம். மண்டபத்துக்குள் கூட்டம் சேர்ந்தால் புழுங்கும் என்பதால் கார்டிகன் பொத்தான் வைத்ததாக இருக்கட்டும். தலைவழியாகப் போடுவதைக் கழற்றினால் சிகை கலைந்துவிடும்.