பிரித்தானியாவில் வான் ஓட்டத் தொடங்கும் தம்பிக்கு: வேக எல்லைகள் பற்றி

தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்களுக்குள் பலசரக்கு விநியோகிக்கும் வேலையில் ஃபோர்ட் ட்ரான்சிட் வான் ஓட்டக் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு இட்ட பலகையைக் கடந்தால் 60 மைல் வேகத்தில் போகலாம் என்று உடன் வேலை செய்பவர் சொல்ல, 50க்கு மேல் போகவே கூடாது என்று முதலாளி சொல்வதாகவும், இருவரில் யாரை நம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். நடுத்தடுப்பு இல்லாத சாதாரண நாட்டுப்புற வீதியைப் பற்றித்தான் பேச்சு என்றால் முதலாளி சொல்வதே சரி. உடன் வேலை செய்பவர் காருக்கு உரிய எல்லையை வானுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் பல ஆண்டுகளாக வான் ஓட்டுபவர்களிடையே கூட மிகப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் இது.

குழப்பத்துக்கு முதற் காரணம் அந்தப் பலகையில் எண் எதுவும் இல்லாததுதான். ஒரு காலத்தில் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு வேகக் கட்டுப்பாடு இத்துடன் முடிகிறது என்பதே பொருளாக இருந்தது. 1965 டிசம்பரில் பரீட்சார்த்தமாக 70 மைல் உச்ச எல்லை கொண்டுவரப்பட்டு, 1967இல் அது நிரந்தரமாக்கப்பட்ட பின்பு, பலகை அப்படியே இருக்கப் பொருள் மட்டும் மாறிவிட்டது. இன்று அது சொல்வது இதைத்தான்: நீங்கள் ஓட்டும் வாகன வகைக்கு இந்த வகையான வீதியில் சட்டம் விதித்திருக்கும் உச்ச வேகம் எதுவோ, அதுவே இங்கு எல்லை. ஆகவே அந்தப் பலகையைக் காணும்போது வீதி எவ்வகை, வாகனம் எவ்வகை என்ற இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீதியைப் பொறுத்தவரை, எதிரெதிர்த் திசைகளைப் புல்மேடோ இரும்புத் தடுப்போ கட்டோ உண்மையாகவே பிரிக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். ஒழுங்கைகளின் (வீதியில் கோடிட்டுப் பிரித்த வாகனத் தடங்களின்) எண்ணிக்கைக்கு இதில் எந்த வேலையும் இல்லை. மூன்று ஒழுங்கைகள் இருந்தும் நடுவில் வெள்ளைக் கோடுகள் மட்டுமே இருந்தால் அது ஒற்றை வீதி. பக்கத்துக்கு ஓர் ஒழுங்கை மட்டுமே இருந்தும் நடுவில் தடுப்பு இருந்தால் அது இரட்டை வீதி. காருக்கு ஒற்றை வீதியில் 60, இரட்டை வீதியிலும் மோட்டர்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையிலும் 70 மைல். உங்கள் வானைப் போல முழுச் சுமையுடன் 7.5 தொன்னைத் தாண்டாத சரக்கு வாகனங்களுக்கு ஒற்றை வீதியில் 50, இரட்டை வீதியில் 60, மோட்டர்வேயில் மட்டும் காருக்குச் சமமாக 70. கிலோமீற்றரில் பழகிய கண்ணுக்குச் சொல்வதானால் 50 மைல் என்பது 80, 60 என்பது ஏறத்தாழ 97, 70 என்பது 113 கிலோமீற்றர்.

இந்த வேறுபாடு எவ்வளவு நுணுக்கமானது என்பதைப் பார்க்க விரும்பினால், ஸ்கொட்லாந்தில் பேர்த்திலிருந்து இன்வெர்னஸ் வரை செல்லும் ஏ9 வீதியை எடுத்துக்கொள்ளலாம். (கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் நமது ஏ9ஐ அறிந்தவர்களுக்கு இந்தப் பெயரைப் பலகையில் காணும்போது ஒரு கணம் மனம் எங்கோ போய்வரும்.) அந்த வீதி சிறிது தூரம் ஒற்றையாகவும் சிறிது தூரம் இரட்டையாகவும் மாறி மாறிச் செல்வதால், கார்க்காரருக்கு 60, 70 என்று எல்லை மாறும் ஒவ்வோர் இடத்திலும் வான்காரருக்கு 50, 60 என்று மாறுகிறது. 2014 முதல் அங்கு சராசரி வேகத்தைக் கணிக்கும் கமராக்கள் இயங்குகின்றன. கமராவைக் கண்டதும் பிரேக்கை அழுத்தி, தாண்டியதும் விரட்டும் தந்திரம் அவற்றிடம் பலிக்காது. ஒரு வாகனம் காரா வானா என்பதை அதன் பதிவு இலக்கத்தைக் கொண்டே அறிந்துவிட முடியும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

எல்லா வானுக்கும் இந்தக் குறைந்த எல்லைதானா என்றால், ஒரு விலக்கு உண்டு. காரின் உடலையே அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டு, சுமையுடன் சேர்த்து 2 தொன்னைத் தாண்டாத சிறிய வான்களுக்குக் காரின் எல்லைகளே பொருந்தும். பழைய ஃபோர்ட் ஃபியஸ்ட்டா வான் அதற்கு நல்ல உதாரணம். ட்ரான்சிட், விவாரோ, ஸ்பிரின்ரர் போன்றவை எவ்விதத்திலும் அதற்குள் வரமாட்டா. உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாரதிக் கதவுச் சட்டத்தில் அல்லது பொனற்றின் கீழ் உள்ள தகட்டில் வாகனத்தின் அதியுயர் மொத்த எடை கிலோகிராமில் பொறிக்கப்பட்டிருக்கும், வகை வி5சி பதிவுப் பத்திரத்தில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் குறைந்த எல்லையைப் பின்பற்றுவதே என் வழக்கம். பின்னால் ட்ரெய்லர் பூட்டினால் கார், வான் இரண்டுக்கும் ஒரே கணக்கு: ஒற்றை வீதியில் 50, மற்ற இரண்டிலும் 60, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஒழுங்கைகள் உள்ள மோட்டர்வேயில் வலது ஓர ஒழுங்கைக்குப் போகவும் முடியாது.

எண் பொறித்த பலகை இருக்கும் இடத்தில் அந்த எண்ணும் உங்கள் வாகன வகைக்கு உரிய எண்ணும் ஆகிய இரண்டில் குறைந்ததே செல்லும். 40 என்று இருந்தால் எல்லோருக்கும் 40. ஒற்றை வீதியில் 60 என்று இருந்தாலும் உங்கள் வானுக்கு 50தான். கைப்பேசி வழிகாட்டியின் மூலையில் தெரியும் எண்ணும் பெரும்பாலும் காருக்கு உரியதே. அதைச் சான்றாகக் காட்டித் தப்ப முடியாது.

ஊருக்குள் வந்ததும் பலகையைத் தேடுவதை விட்டு விளக்குக் கம்பங்களைப் பாருங்கள். ஏறத்தாழ 180 மீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் வீதிவிளக்குகள் தொடர்ந்து நின்றால், வேறு பலகை இல்லாத வரை அங்கு எல்லை 30 மைல். 1935 முதல் இருந்துவரும் எல்லை இது. இத்தகைய வீதிகளில் 30 என்ற நினைவூட்டல் பலகைகளை இடையிடையே வைப்பதில்லை, விளக்குகளே அறிவிப்பு. நடுத்தடுப்புடன் அகன்று கிடந்தாலும், கடையோ வீடோ கண்ணில் படாவிட்டாலும், விளக்குகள் நின்றால் 30தான். புதியவர்கள் அதிகம் அகப்படுவதும் இத்தகைய அகன்ற நகர வீதிகளில்தான். வேல்ஸுக்குள் நுழைந்தால் 2023 செப்டெம்பர் 17 முதல் இதே வகை வீதிகளில் எல்லை 20 மைல், வேறு பலகை இருக்கும் இடங்களைத் தவிர. லண்டனிலும் ஸ்கொட்லாந்தின் பல ஊர்களிலும் 20 மைல் வலயங்கள் பரவிவிட்டன. அங்கு பலகைகள் உண்டு.

மோட்டர்வேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மேலே தெரியும் மின்பலகையில் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தால் அது சட்ட எல்லை, வட்டம் இல்லாவிட்டால் ஆலோசனை, சிவப்புப் பெருக்கல் குறி என்றால் அந்த ஒழுங்கை மூடப்பட்டுவிட்டது.

அகப்பட்டால் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், வேலைக்கு ஓட்டுபவர் என்பதால் சொல்கிறேன். அறிவித்தல் கடிதம் முதலில் வாகனத்தின் பதிவுக் காப்பாளரான உங்கள் முதலாளிக்கே போகும். ஓட்டியவர் யார் என்று அவர் 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், அதன் பிறகு எல்லாம் உங்கள் பெயரில்தான். குறைந்தபட்சம் 100 பவுண்ஸ் தண்டமும், அனுமதிப்பத்திரத்தில் பதியப்படும் மூன்று தண்டப்புள்ளிகளும் கிடைக்கும். சிறிய மீறலாக இருந்து, கடந்த மூன்று ஆண்டுகளில் வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போயிராவிட்டால், பணம் கட்டி அந்த வகுப்புக்குப் போகும் வாய்ப்பைப் பொலிஸார் தரலாம். எல்லைக்கு மேல் பத்து வீதமும் இரண்டு மைலும் வரை பொலிஸார் பொருட்படுத்தமாட்டார்கள் என்று பலர் சொல்வதைக் கேட்பீர்கள். அது பொலிஸாருக்கான வழிகாட்டலே தவிர உங்களுக்குக் கிடைத்த உரிமை அல்ல. தண்டப்புள்ளிகளால் காப்புறுதிக் கட்டணமும் ஏறும்.

இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் நீங்கள் இங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே, 3.5 தொன் வரையான வாகனத்தை ஓட்டலாம். அதற்குள் இந்நாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால், அதாவது இப்படி இரண்டு முறை அகப்பட்டால், அனுமதிப்பத்திரம் பறிபோய், கற்பவருக்கான பத்திரம் எடுத்து எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டிலும் மீண்டும் தேற நேரும். விநியோக நேரம் பிந்துகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், புள்ளிகள் நிறுவனத்துக்கு அல்ல, ஓட்டியவருக்கே என்பதைப் பணிவாகச் சொல்லிவிட்டு 50இலேயே ஓட்டுங்கள்.